நச்சுயிரி ஊர்தியான வரலாறு

1909ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆய்வு நிலையத்திற்கு நோயுற்ற கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் மார்பில் பெரியதொரு கட்டி வளர்ந்திருந்தது. அங்கே பணியாற்றிய பெய்டன் ரௌஸ் என்னும் இளம் அறிஞர் அக்கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் நுழைய இயலாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை நல்ல கோழிகளின் உடலில் ஏற்றினார். அக்கோழிகளுக்கும் அதே கட்டி தோன்றிற்று. வடிகட்டியைக் கடந்து சென்ற ஏதோ ஒன்று புற்றுநோயைச் சுமந்து சென்றது என்று 1911ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அறிவுலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கோழிக்கு வருவது கோழிக்குரியது, மனிதனுக்கு அதனால் என்ன என்றனர் பலர். 1966ஆம் ஆண்டில் நோபெல் பரிசு ரௌசைத் தேடி வந்தபொழுது அவருக்கு அகவை 87.

இக்கோழியின் கதை இங்கே முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இன்று உலகெங்கும் உள்ள உயிரியல் ஆய்வுக்கூடங்களில், மனித மரபணு ஒன்றின் வேலை என்ன என்று அறிய விரும்புவோர், அம்மரபணுவை ஒரு நச்சுயிரியின் மேலேற்றி உயிரணுவுக்குள் செலுத்துகின்றனர். உட்சென்ற மரபணு இயல்பினும் பன்மடங்காகத் தன் புரதத்தை ஆக்குகிறது. இதற்கு மிகை வெளிப்பாடு என்று பெயர். இம்முறை மனித மதியில் உதித்த புதுமை போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ரௌசின் கோழியில் இருந்த நச்சுயிரி இதே வேலையை மனிதனுக்கு முன்னரே செய்து முடித்திருந்தது.

நச்சுயிரி, வைரஸ் என்னும் இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளைத் தாங்கிய தமிழ்ச்சொல். இலத்தீனிலும் அச்சொல்லுக்கு நஞ்சு என்பதே பொருள். மரபணுவைச் சுமந்து செல்லும் நச்சுயிரியை அறிவியலார் வெக்டர் என்பர். சுமந்து செல்வது என்பது அதன் பொருள். இதற்குக் கடத்தி என்று தமிழ்ப்படுத்துவோர் உளர். மின்சாரம் பாயும் செம்புக் கம்பியையும் வகுப்பறையில் கடத்தி என்றே கற்பிப்பதால் மாணவர் மயங்க இடமுண்டு. ஆதலின் இக்கட்டுரையில் ஊர்தி என்னும் சொல்லே வழங்குகிறது.

திருட்டுச் சரக்கு

நச்சுயிரி தனித்து வாழாது. ஒரு சில மரபணுக்கள், அவற்றைப் பொதிந்த புரத உறை, இவ்வளவே அதன் உடைமை. பிற உயிரணுவுக்குள் புகுந்து, அவ்வுயிரணுவின் கருவிகளைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். அவ்வாறு பெருகிப் புறப்படும்பொழுது சில வேளைகளில் வீட்டுக்காரனின் பொருளையும் உடன் எடுத்துச் செல்வதுண்டு. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நார்ட்டன் சிண்டர், ஜோஷுவா லெடர்பர்க் ஆகிய இருவரும், ஒரு பாக்டீரியாவின் மரபுப் பண்பை நச்சுயிரி மற்றொரு பாக்டீரியாவுக்குக் கொண்டு சேர்ப்பதைக் கண்டு வெளியிட்டனர். நச்சுயிரி ஊர்தியாகக்கூடும் என்பதற்கு அதுவே முதற்சான்று.

கோழி நச்சுயிரியின் மருமம் விளங்க இன்னும் காலம் ஆயிற்று. அது ஆர்.என்.ஏ. வகையைச் சார்ந்தது. 1970ஆம் ஆண்டில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்ட்டிமோர் என்போர் தனித்தனியே ஆராய்ந்து, இவ்வகை நச்சுயிரிகள் தம் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி ஒன்றை வைத்திருப்பதைக் கண்டனர். அவ்வாறு எழுதிய டி.என்.ஏ.வை உயிரணுவின் குரோமசோமிலேயே பதித்துவிடுகின்றன. பதிந்தபின் அது அவ்வுயிரணுவின் வழிவழிச் சொத்தாகிவிடும். ரெட்ரோ நச்சுயிரி என்பது இக்குடும்பத்தின் பெயர்.

1976ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹெரல்ட் வார்மஸ் ஆகியோரின் ஆய்வுக் குழு, ரௌஸ் நச்சுயிரியில் கட்டியை விளைவிக்கும் சார்க் என்னும் மரபணுவின் பிறப்பிடத்தை ஆராய்ந்தது. அது நச்சுயிரிக்கு உரியதே அன்று. நலமுள்ள கோழியின் உயிரணுவிலும் அது இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் கோழியிடமிருந்து கவர்ந்த மரபணு அது. கோழியின் உடலில் அடக்கத்தோடு வேலை செய்த மரபணு, நச்சுயிரியின் ஆணைக்குக் கீழ் அளவின்றியும் கடிவாளமின்றியும் இயங்கியபொழுது புற்றுநோய் ஆயிற்று. இக்கண்டுபிடிப்புக்கு 1989ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

பெர்க் கைவிட்ட சோதனை

இயற்கை தற்செயலாகச் செய்ததை வேண்டுமென்றே செய்ய முனைந்தவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பால் பெர்க் என்பார். அவர் தேர்ந்துகொண்டது எஸ்.வி.40 என்னும் குரங்கு நச்சுயிரி. அதன் டி.என்.ஏ. வளையத்தில் ஏறத்தாழ 5,200 எழுத்துகளே உண்டு. அதன் வரலாறு சற்றுக் கசப்பானது. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தை அக்காலத்தில் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்தனர். அவ்வுயிரணுக்களில் இந்நச்சுயிரி மறைந்திருந்தது 1960ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதற்குள் பல கோடிப் பேர் அம்மருந்தை ஏற்றுக்கொண்டுவிட்டனர். அது வெள்ளெலிக் குட்டிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் என்பதும் விரைவில் தெரிந்தது. மருந்து பெற்ற மக்களைப் பல்லாண்டுகள் கண்காணித்ததில் புற்றுநோயோடு உறுதியான தொடர்பு ஏதும் வெளிப்படவில்லை என்பது ஆறுதல்.

1971ஆம் ஆண்டில் பெர்க்கின் மாணவியான ஜேனட் மெர்ட்ஸ், கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த பயிற்சி வகுப்பில் தங்கள் திட்டத்தை விவரித்தார். எஸ்.வி.40இன் டி.என்.ஏ.வோடு வேறு டி.என்.ஏ.வை இணைத்து, எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்துவது அத்திட்டம். அப்பாக்டீரியா மனிதக் குடலில் வாழ்வது. வகுப்பில் இருந்த ராபர்ட் போலக் என்னும் அறிஞர் திடுக்கிட்டுத் தொலைபேசியில் பெர்க்கை அழைத்துத் தம் அச்சத்தைத் தெரிவித்தார். பெர்க் முதலில் அதனை ஏற்கவில்லை. பின்னர்ப் பலரையும் கலந்து எண்ணிப் பார்த்து, பாக்டீரியாவுக்குள் செலுத்தும் பகுதியைக் கைவிட்டார். இரு வேறு டி.என்.ஏ.க்களைச் சோதனைக் குழாயில் இணைத்த செய்தியை மட்டும் 1972ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்டனர். 1974ஆம் ஆண்டில், இத்தகைய சில சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்குமாறு அவரும் பிற அறிஞர்களும் கையொப்பமிட்டு வேண்டினர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் அறிஞர்கள் கூடி, எச்சோதனைக்கு எவ்வளவு காப்பு வேண்டும் என்று வரையறுத்தனர்.

பரிசும் புகழும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்பொழுது தானாக நின்றவர் அறிவியல் வரலாற்றில் மிகச் சிலரே. பெர்க்குக்கு 1980ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் நின்றதனால் துறை நின்றுவிடவில்லை. நின்று வகுத்த விதிகளே பின்னர் வந்த ஊர்திகள் அனைத்திற்கும் அடித்தளம் ஆயின.

1979ஆம் ஆண்டில் பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் மல்லிகன் முதலியோர், எஸ்.வி.40இன் உறைப் புரத மரபணுவை நீக்கி, அவ்விடத்தில் முயலின் குருதிப் புரதமாகிய குளோபினின் மரபணுவை வைத்தனர். குரங்கின் சிறுநீரக உயிரணு முயலின் குருதிப் புரதத்தை ஆக்கிற்று. பொருந்தாத மூன்றும் பொருந்தின. இனி மனித மரபணுவையும் இவ்வாறே பேசவைக்கலாம் என்பது உறுதியாயிற்று.

முடவனாக்கப்பட்ட தூதன்

ஊர்திக்கு இரண்டு தகுதி வேண்டும். உயிரணுவுக்குள் புகும் ஆற்றல் இருத்தல் வேண்டும்; உட்புகுந்தபின் பெருகிப் பரவும் ஆற்றல் இருத்தலாகாது. அஃதாவது நோயின் கால்களை வெட்டிவிட்டுத் தூதின் கால்களை மட்டும் விட்டுவைத்தல் வேண்டும். ஆயினும் பெருக இயலாத நச்சுயிரியை ஆய்வாளர் எவ்வாறு பெருக்குவது? இச்சிக்கலை அவிழ்த்த விதமே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி.

தொண்டைச் சதையிலிருந்து 1953ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது அடினோ நச்சுயிரி. சளி, காய்ச்சல் போன்றவற்றை விளைவிப்பது. 1973ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், அலெக்ஸ் வான் டெர் எப் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பிராங்க் கிரகாம், மனிதக் கருவின் சிறுநீரக உயிரணுக்களுள் இந்நச்சுயிரியின் டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்தினார். அவருடைய 293ஆவது சோதனையில் ஓர் உயிரணுக் கூட்டம் நிலைபெற்று வளர்ந்தது. அந்த எண்ணே அதன் பெயராயிற்று. நச்சுயிரி பெருகுவதற்கு இன்றியமையாத ஈ1 என்னும் பகுதி அவ்வுயிரணுவின் குரோமசோமிலேயே பதிந்துவிட்டது. எனவே ஈ1 பகுதியை இழந்த முடநச்சுயிரி 293 உயிரணுவுக்குள் மட்டும் பெருகும். வேறெங்குச் சென்றாலும் தன் சரக்கை இறக்கிவிட்டு அடங்கிவிடும். இழந்த ஈ1 இருந்த இடமே மனித மரபணு அமரும் இருக்கையாயிற்று. கருவிலிருந்து எடுத்த உயிரணு என்பதால் 293ஐப் பயன்படுத்துவது தகுமா என்று சமயத்தாரும் அறவியலாரும் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று.

ரெட்ரோ நச்சுயிரிக்கு வேறு வழி. அதன் ஆர்.என்.ஏ.வில் ‘சை’ என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் ஒரு சிறு பகுதி உண்டு. அப்பகுதி இருந்தால்தான் ஆர்.என்.ஏ. உறைக்குள் ஏறும். அது பயணச்சீட்டுப் போன்றது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மான், மல்லிகன், பால்ட்டிமோர் ஆகியோர், நச்சுயிரியின் மரபணுக்கள் அனைத்தும் இருந்தும் சீட்டு மட்டும் இல்லாத ஓர் உயிரணுவை ஆக்கினர். அது வெற்று உறைகளை ஆக்கிக்கொண்டிருக்கும். சீட்டுடன் கூடிய வேற்று மரபணு ஒன்றை அதனுள் வைத்தால், அதுவே உறைக்குள் ஏறிப் புறப்படும். வண்டி நச்சுயிரியுடையது, பயணி வேறு.

அதே 1983ஆம் ஆண்டில் தியோடர் பிரீட்மன் முதலியோர் எச்.பி.ஆர்.டி. என்னும் மனித மரபணுவை ரெட்ரோ ஊர்தியில் ஏற்றினர். அம்மரபணு பழுதுற்ற ஆண் குழந்தைகள் தம் விரல்களையும் உதடுகளையும் தாமே கடித்துக்கொள்ளும் கொடிய நோய்க்கு ஆளாகின்றனர். அந்நோயாளரின் உயிரணுக்கள் கண்ணாடித் தட்டில் அம்மரபணுவைப் பெற்று, இழந்த நொதியை மீண்டும் ஆக்கின.

எழுத்துகள் மிகப் பல, பொருள் சில

ஊர்தியில் இடம் சிறிது. மனித மரபணுவோ நெடியது. 1977ஆம் ஆண்டில் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோர் தனித்தனியே, அடினோ நச்சுயிரியைக் கொண்டே ஓர் உண்மையைக் கண்டனர். மரபணுவின் செய்தி ஒரே தொடராக இல்லை. இடையிடையே புரதமாக மாறாத நீண்ட பகுதிகள் உள்ளன. உயிரணு அவற்றை வெட்டி எறிந்து செய்தியை ஒட்டிக்கொள்கிறது. வெட்டி ஒட்டிய ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, டெமினும் பால்ட்டிமோரும் கண்ட நொதியால் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதினால், சுருங்கிய படி கிடைக்கும். அது ஊர்தியில் அடங்கும். நச்சுயிரியின் நொதியால் சுருக்கி நச்சுயிரியின் முதுகிலேயே ஏற்றினர்!

இதன் பயனை உணர ஒரு நோயின் வரலாற்றை அறிதல் போதும். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது ஐரோப்பிய வழியினரிடையே மிகுதியாகக் காணும் மரபுநோய். குழந்தையின் வியர்வை உப்புக் கரிக்கும். நுரையீரலிலும் கணையத்திலும் பிசின் போன்ற சளி அடைத்துக்கொள்ளும். 1989ஆம் ஆண்டில் டொராண்டோ நகரத்து லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன் ஆகியோரும் மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்சும் சேர்ந்து, இந்நோய்க்கு உரிய மரபணு என ஒன்றை அறிவித்தனர். குரோமசோமில் அதன் நீளம் ஏறக்குறைய 190,000 எழுத்து. வெட்டி ஒட்டிய செய்தியோ 6,000 எழுத்து அளவே. அதன் புரதத்தில் 1,480 அமினோ அமிலங்கள். நோயாளரில் பெரும்பாலோர்க்கு 508ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஒன்றே ஒன்று குறைந்திருந்தது.

நோயாளரிடம் பிழை காணப்பட்டது என்பதால் அம்மரபணுவே நோயின் காரணம் என்று முடிவு கட்டலாகுமா? பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்திருந்ததும் திருட்டு நடந்ததும் ஒரே இரவு என்பதால் விளக்கே திருடியது என்று கூறுதல் பொருந்தாது. பிழையற்ற படியை நோயுற்ற உயிரணுவுக்குக் கொடுத்து, அது தேறுகிறதா என்று பார்ப்பதே சான்று. 1990ஆம் ஆண்டில் ஒரு குழு ரெட்ரோ ஊர்தியைக் கொண்டு நோயாளர் ஒருவரின் கணைய உயிரணுக்களுக்கு அம்மரபணுவை ஊட்டிற்று. மற்றொரு குழு, அம்மை குத்தப் பயன்பட்ட வாக்சினியா நச்சுயிரியைக் கொண்டு நோயாளரின் மூச்சுக்குழல் உயிரணுக்களுக்கு ஊட்டிற்று. இரண்டிலும், முடங்கிக் கிடந்த குளோரைடு போக்குவரத்து திரும்பிற்று. ஐயம் நீங்கிற்று.

அதே ஆண்டில் பிழையுள்ள படியையும் குரங்கு உயிரணுவில் மிகை வெளிப்பாடு செய்து பார்த்தனர். புரதம் உருவாயிற்று, ஆனால் உயிரணுவின் மேற்பரப்பை அடையாமல் உள்ளேயே தங்கிவிட்டது. 1992ஆம் ஆண்டில், உயிரணுக்களைக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தால் அதில் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்து வேலையும் செய்கிறது என்று கண்டனர். ஆகவே அப்புரதம் அறவே பயனற்றதன்று. வழி தவறியது மட்டுமே. அதற்கு வழிகாட்டும் மருந்தைத் தேடலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. மனித மரபணுவை ஊட்டப்பெற்ற உயிரணுக்களின் மேல் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்துச் சலித்தெடுத்தனர். 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் அவ்வாறு பிறந்த மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

உரத்த குரலின் குறை

மிகை வெளிப்பாட்டைக் கண்மூடி நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. வகுப்பில் ஒரு மாணவனைத் தனியே நிறுத்தி, உன்னால் இயன்ற மட்டும் உரக்கப் படி என்றால், அவன் தொண்டையின் வலிமை தெரியும். நாள்தோறும் அவன் எவ்வாறு படிக்கிறான் என்பது தெரியாது. மரபணுவும் அத்தகையதே. சைட்டோமெகலோ நச்சுயிரியிடமிருந்து எடுத்த ஆணைப் பகுதி ஒன்றை ஆய்வாளர் மரபணுவின் முன்னே வைப்பது வழக்கம். அது மிக வல்லது. தனக்குப் பின்னுள்ள மரபணுவை ஓயாமல் இயக்கும். புரதம் மலை போலக் குவிந்தால் திரண்டு கட்டியாகலாம். தனக்குரிய அறையை விட்டு வேற்றறைக்கு வழியலாம். இயல்பில் ஏறெடுத்தும் பாராத வேறு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளலாம். அவற்றையெல்லாம் மரபணுவின் இயல்பான தொழில் என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு. மரபணு எதைச் செய்ய வல்லது என்பதை இம்முறை காட்டும். எதைச் செய்கிறது என்பதை அறிய, அம்மரபணுவை அடக்கியும் பார்த்தல் வேண்டும். வெற்று ஊர்தியையோ, ஒளிரும் கடல் இழுதுமீனின் புரத மரபணுவைச் சுமந்த ஊர்தியையோ செலுத்தி ஒப்பிடுவதும் இதனாலேயே. 1992ஆம் ஆண்டில் ஹைடெல்பெர்க் நகரில் மான்பிரெட் காசன், ஹெர்மன் புஜார்ட் ஆகியோர் டெட்ராசைக்ளின் மருந்தால் மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் கூடிய பொறியமைப்பை ஆக்கினர். குரலைக் கூட்டவும் குறைக்கவும் அது உதவிற்று.

ஊர்தி பதியும் இடமும் பொருட்டாகும். பாரிசில், நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு 1999ஆம் ஆண்டு முதல் ரெட்ரோ ஊர்தியால் மரபணு சேர்க்கப்பட்டது. பெரும்பாலோர் தேறினர், மருத்துவ உலகம் மகிழ்ந்தது. 2002ஆம் ஆண்டில் இரத்தப் புற்றுநோய் தலைகாட்டிற்று. மொத்தம் நான்கு குழந்தைகளுக்கு அது வந்தது, ஒருவர் இறந்தார். ஊர்தி எல்.எம்.ஓ.2 என்னும் மரபணுவின் அருகே பதிந்து, தன் ஆணைப் பகுதியால் அந்த அண்டை மரபணுவையும் உரக்கக் கூவச் செய்திருந்தது. ரௌசின் கோழிக்கு நேர்ந்ததன் சாயல் இதில் தெரிகிறது. இதன் பின்னர், உயிரணுவில் பதிந்ததும் நச்சுயிரியின் சொந்த ஆணைப் பகுதி அவிந்துபோகும் ஊர்திகளே பெரிதும் விரும்பப்பட்டன.

அத்தகைய ஊர்திகளுள் முதன்மையானது எய்ட்ஸ் நோயின் நச்சுயிரியிலிருந்து ஆக்கப்பட்டது என்பது பலர்க்கு வியப்பளிக்கும். பெருகும் உயிரணுவில் மட்டுமே பழைய ரெட்ரோ ஊர்தி பதியும். நரம்பணு போன்ற பெருகாத உயிரணுவிலும் எச்.ஐ.வி. புக வல்லது. 1996ஆம் ஆண்டில் சால்க் நிலையத்தில் லூயிஜி நல்டினி முதலியோர் அவ்வாற்றலை ஊர்தியாக்கினர். 1998ஆம் ஆண்டுக்குள் எச்.ஐ.வி.யின் ஒன்பது மரபணுக்களுள் மூன்றே போதும் என்றாயிற்று. அவையும் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களில் பிரித்து வைக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டில் 13,000க்கும் மேற்பட்ட மனித மரபணுக்களை இவ்வகை ஊர்தியில் ஏற்றிய தொகுப்பு ஒன்று ஆய்வாளர் அனைவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. நூலகத்தில் நூல் கேட்பது போல மரபணுவைக் கேட்டுப் பெறும் காலம் வந்துவிட்டது.

இருபத்து நான்கும் நான்கும்

மிகை வெளிப்பாட்டின் உச்சம் ஜப்பானில் நிகழ்ந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்து ஷின்யா யாமனாகாவும் கசுடோஷி தகஹாஷியும் 24 மரபணுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ரெட்ரோ ஊர்தியில் ஏற்றி, எலியின் தோலணுக்களுள் செலுத்தினர். தோலணு கருவணு போல மாறிற்று. ஒவ்வொரு மரபணுவாக விலக்கிப் பார்த்து, நான்கே போதும் என 2006ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2007ஆம் ஆண்டில் மனிதத் தோலணுவிலும் அதனையே சாதித்தனர். எலியின் உயிரணுவில் மட்டுமே புகும் ஊர்தியையே அப்பொழுதும் கையாண்டனர். மனித உயிரணுவுக்கு எலியின் வாயிற் புரதத்தை முன்னதாக வேறோர் ஊர்தியால் கொடுத்து, வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டனர். 2012ஆம் ஆண்டில் ஜான் கர்டனோடு யாமனாகாவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்நான்கு மரபணுக்களுள் ஒன்று மிக் என்பது. கோழிக்குப் புற்றுநோய் தரும் மற்றொரு ரெட்ரோ நச்சுயிரியிடம்தான் அது முதலில் அறியப்பட்டது. அதனையும் அந்நச்சுயிரி கோழியிடமிருந்தே கவர்ந்திருந்தது. மாற்றப்பட்ட உயிரணுக்களிலிருந்து பிறந்த எலிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்குக் கட்டி தோன்றியதையும், அடங்கியிருந்த மிக் மீண்டும் விழித்துக்கொண்டதே காரணம் என்பதையும் யாமனாகாவின் குழுவே 2007ஆம் ஆண்டில் கண்டு எழுதிற்று.

குரோமசோமில் பதியாத ஊர்தி வேண்டும் என்று தேடியபொழுது, ஜப்பானிய ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில் தம் நாட்டின் செண்டாய் நகரில் கண்டறியப்பட்ட, எலிகளுக்கு மூச்சுநோய் தரும் நச்சுயிரி ஒன்றை நாடினர். செண்டாய் நச்சுயிரி டி.என்.ஏ.வாக மாறுவதே இல்லை. உயிரணுவின் கருவுக்குள் நுழையாமல் வெளியே நின்றே தன் செய்தியைப் படித்துக் காட்டும். 2009ஆம் ஆண்டில் அதன் முதுகில் அந்நான்கு மரபணுக்களையும் ஏற்றி மனிதத் தோலணுவை மாற்றினர். உயிரணுக்கள் பிரிந்து பெருகப் பெருக ஊர்தி நீர்த்துப்போய், முடிவில் காணாமற்போகிறது; மாறிய உயிரணு மாறியபடியே இருக்கிறது.